கட்டவிழ்த்த வத்தையும் பூட்டுப் போட்ட பெட்டியும்

வா மருமகனே. முதல்ல ஊத்துல ஒரு செம்பு தண்ணி மொண்டு குடி. ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவுல மணலைக் கையால தோண்டினா நல்ல தண்ணி. தனுஷ்கோடியில இன்னும் மனுசன் குடியிருக்கான்னா இந்தக் குழியாலதான். குடிச்சுட்டு மூச்சு வாங்கிட்டுப் பேசு.

தங்கச்சிமடத்துல இருந்து இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கே. மீன் கேப்பேன்னு பார்த்தேன். கருவாடு கேப்பேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா, "மாமா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல விண்டோஸே இருக்கட்டுமா, லினக்ஸ் போட்டுரவா"ன்னு நிக்கிறே. உனக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையேப்பு. அதான் நீ இப்படி இருக்கே, அது வேற.

வலை பின்றவன்கிட்ட இதைக் கேக்கணும்னு உனக்கு யாரு சொன்னது? என் பேத்தியா? அவ கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கா. மீதியை நான் மணல்ல உக்காந்து யோசிச்சு வச்சிருக்கேன். எனக்கு வேற என்ன வேலை.

உன் கதை எனக்குத் தெரியும். 2016-ல மகளுக்குன்னு வாங்கின பெட்டி. உள்ளே விண்டோஸ் 10. அதுல ஓட்டை விழுந்தா இனிமே ஒட்டுப் போட மாட்டோம்னு மைக்ரோசாப்ட்காரன் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட கையைக் கழுவிட்டான். விண்டோஸ் 11-க்கு ஏறலாம்னா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சில்லு இருக்கணும், பிராசஸர் அவன் பட்டியல்ல இருக்கணும். உன் பெட்டி, ரேசன் கார்டுல பேர் விட்டுப்போன மருமக மாதிரி வாசல்லயே நிக்குது. அவன் கணக்குல பேரைப் பதிஞ்சு, அமைப்பெல்லாம் அவன் கிட்டங்கியில ஏத்தி வச்சா இன்னும் ஒரு வருசத் தவணை தர்றானாம். அமைப்பை ஏத்த மாட்டேன்னா முப்பது டாலர் கட்டணும். அதுவும் 2026 அக்டோபரோட சரி. கடைக்காரன் உனக்கு ரெண்டு வழி சொல்லியிருப்பான்: புதுப்பெட்டி வாங்கு, இல்லேன்னா ஐந்நூறு ரூபா குடு, கிராக் போட்டுத் தர்றேன். மூணாவது வழியை உன் மக சொல்லியிருக்கு, லினக்ஸ். சரியா?

இப்போ நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. இந்தப் பத்து வருசத்துல விண்டோஸுக்கு நீ எவ்வளவு குடுத்தே?

பார்த்தியா, வானத்தைப் பார்க்கிறே. போன பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப நானே பார்த்தேன். திரையில கீழே வலது மூலையில சாம்பல் நிறத்துல ரெண்டு வரி, "ஆக்டிவேட் பண்ணு, ஆக்டிவேட் பண்ணு"ன்னு கெஞ்சிக்கிட்டு நிக்குது. உன் மக அதை வால்பேப்பரோட வந்த பூவேலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. திருட்டு விண்டோஸை வச்சுக்கிட்டு, காசு குடுத்து வாங்குறதா லினக்ஸுக்குப் போறதான்னு நீ தர்க்கம் பண்றது, பக்கத்து வீட்டுக் கோழியை அமுக்கி வச்சுக்கிட்டு நாட்டுக்கோழி ருசியா பிராய்லர் ருசியான்னு பேசுற மாதிரி. ஐந்நூறு ரூபாய்க்குப் போடுற கிராக்குல என்னென்ன புழு சேர்ந்து வருதுன்னு அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது. 2017 மே மாசம் வானாகிரைன்னு ஒண்ணு வந்து, ஒட்டுப் போடாத விண்டோஸ் பெட்டிகளை உலகம் பூராவும் பூட்டி வச்சுக்கிட்டுப் பணம் கேட்டுச்சே, மறந்துட்டியா?

லினக்ஸ் மாதிரி உள்ளதுக்குக் "கட்டற்ற மென்பொருள்"னு பேரு வச்சிருக்காங்க பாரு, அந்தப் பேரை முதல்ல கேட்டப்ப எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. கட்டு அவுந்த வத்தைப் படகு எங்கே போகும்னு கடக்கரைக்காரனுக்குத் தெரியாதா? தலைமன்னாருக்குப் போகும். அப்புறம் யாராரு கைகாலையோ பிடிச்சுத்தான் மீட்கணும். பேத்திதான் சொன்னா, "தாத்தா, இது கட்டு இல்லாம திரியறது இல்ல, கட்டுறதும் அவுக்கிறதும் உங்க கையில இருக்கிறது"ன்னு. அப்போ சரி. அவ இன்னொண்ணும் சொன்னா. இங்கிலீஷ்காரனுக்குச் சும்மா கிடைக்கிறதுக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லுதானாம். 1983-ல இதைத் தொடங்கி வச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த ஒத்தைச் சொல்லை விளக்கியே நரைச்சுப் போனாராம். நமக்கு இலவசம் வேற, விடுதலை வேற. இந்தத் தொல்லை தமிழனுக்கு இல்ல. ஆனா இலவசம்னு கேட்டதும் விடுதலையை மறந்துருவோம், அது நம்ம தொல்லை.

இந்தா, இந்த வலையைப் பிடி. கிழிஞ்ச பக்கத்தை விரிச்சு இழு. நேத்து நண்டு விழுந்து ஏழு கண்ணி போச்சு. இதை யாரு பின்னுனான்னு எனக்குத் தெரியாது. ஆனா முடிச்சு தெரியும். கண்ணிக்குள்ள எத்தனை விரல் போகணும்னு தெரியும். இப்போ ஊசியை எடுத்து, அறுந்த நுனியைக் கத்தரிச்சுட்டு, மேல் கண்ணியில இருந்து இறங்கினா நாழிகைக்குள்ள முடிஞ்சுது. நான் செத்துப்போனா என் மகன் இதே முடிச்சைப் போடுவான். அவனுக்குத் தெரியலேன்னா பாம்பன்ல யாராவது போட்டுக் குடுப்பான்.

அந்தா, கூரையில சொருகி வச்சிருக்கேன் பாரு, அது ஜி.பி.எஸ். பெட்டி. எந்தக் கம்பெனின்னு கேக்காதே. வாங்கினப்ப கடவுளே வந்து கையில உக்காந்த மாதிரி இருந்துச்சு. எங்க அப்பன் கோயில் கோபுரத்தையும் கரையில நிக்கிற மரத்தையும் நேர் பார்த்துக் கண்டுபிடிச்ச மீன்பிடிப் பாரெல்லாம் நான் அதுக்குள்ள குறிச்சு வச்சேன். எந்தப் பார்ல எந்த மாசம் என்ன மீனு, அத்தனையும் உள்ளே. ஒருநாள் பெட்டி அணைஞ்சுபோச்சு. ராமேஸ்வரத்துல ஒருத்தன்கிட்ட குடுத்தேன். "பிரிக்க முடியாது பெரியவரே, புதுசு வாங்குங்க"ன்னான். சரிடா, புதுசு வாங்குறேன், உள்ளே கிடக்கிற என் பாரை எடுத்துக் குடுன்னேன். "அது அந்தப் பெட்டிக்கு மட்டும் புரியற பாஷையில இருக்கு"ன்னான். எங்க அப்பன் கண்ணால பிடிச்ச பாரு, என் விரலால குறிச்ச பாரு, ஆனா பாஷை அவனுது. அன்னையில இருந்து அது கூரையில சொருகிக் கிடக்கு. காக்கா கூட உக்கார்றது இல்ல.

இதை ஏன் சொல்றேன்னா, நீ தப்பான கேள்வியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே. எது வேகம், எது அழகு, எதுல விளையாட்டு நல்லா ஓடும்னு கேக்குறே. எனக்கு ஒரே கேள்விதான். நாளைக்கு நீ அந்தக் கரையை விட்டுக் கிளம்பினா உன் சாமானையெல்லாம் மூட்டை கட்ட விடுவானா, மாட்டானா? சம்மாட்டிகிட்ட முன்பணம் வாங்கினவன் கதை உனக்குத் தெரியும்ல. படகு அவரோடது, வலை அவரோடது, மீனை அவர் சொன்ன ஆளுக்குத்தான் போடணும், அவர் சொன்ன விலைதான். நல்ல சம்மாட்டிகளும் உண்டு, கல்யாணம் காட்சிக்கு முதல்ல வந்து நிப்பாக. ஆனா கடன் தீராம வேற படகு ஏற முடியாது.

நம்ம சங்கத்து மகஜர் ஞாபகம் இருக்கா? இருபது வருசத்துக்கு முன்னாடி டிடிபி சென்டர்ல பாமினி எழுத்துருவுல அடிச்சு, சிடியில போட்டு வச்சது. போன வருசம் மறுபடி தேவைப்பட்டுச்சுன்னு திறந்தா, திரை பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியுமா கொட்டுது. மந்திரவாதி எழுதின மாதிரி. எங்க குறையைப் படிச்சு வெள்ளைக்காரனே அழுதுருவான் போல இருந்துச்சு. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு கணக்கு, அவன் எழுத்துரு இல்லேன்னா நம்ம தமிழே நமக்குத் தெரியாது. ஒருங்குறி வந்து, 2010-ல தமிழ்நாடு அரசே அதைத் தரம்னு ஆணை போட்ட பிறகுதான் இந்தக் கூத்து அடங்க ஆரம்பிச்சுது. மகஜரை என் பேத்தி ஒரு மாத்தியில போட்டு ஒருங்குறிக்குக் கொண்டாந்துட்டா. குறை மட்டும் தீரலை, அதுக்கு மென்பொருள் இன்னும் வரலையாம்.

இதுக்காக, பூட்டுப் போட்டதெல்லாம் பாவம்னு நான் சொல்ல வரலை. மலேசியாவுல முத்து நெடுமாறன் 1985-ல முரசுன்னு ஒண்ணு செஞ்சார். கட்டற்றது இல்ல, ஆனா எத்தனை ஊர்த் தமிழன் அதுல தமிழ் அடிச்சான்! அப்புறம் எ-கலப்பைன்னு கட்டற்றது வந்துச்சு, அதையும் பிடிச்சு உழுதான். எந்தக் கலப்பைங்கிறது ஒரு பக்கம், விளைஞ்ச நெல்லை வீட்டுக்குக் கொண்டு போக முடியுதான்னு பாரு.

இப்போ பெரிய இடத்துக் கதை ஒண்ணு. நம்ம கலாம் ஐயா ஜனாதிபதியா இருந்தாகளே, 2003 மே 28-ஆம் தேதி புனேயில ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துல பேசினாக. பில் கேட்ஸ் தன்னை வந்து பார்த்ததைச் சொன்னாக. ரெண்டு பேரும் கணினிப் பாதுகாப்பைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாகளாம். மூலநிரல் திறந்து இருந்தாத்தான் நம்ம பூட்டை நாமே செஞ்சு மாட்டிக்க முடியும்னு ஐயா நினைச்சாக. பேச்சு அதுக்கு மேல சிக்கலாயிருச்சு, ரெண்டு பேர் பார்வையும் வேற வேறன்னு வெளிப்படையாவே சொல்லிட்டு, நூறு கோடி ஜனம் இருக்கிற நாட்டுக்குத் திறந்த மூலம்தான் பெரிய அளவுல வரணும், நிலைக்கணும்னு முடிச்சாக. உலகத்துல பெரிய பணக்காரன் வீடு தேடி வந்து உக்காந்திருக்கான். நீயா இருந்தா ஒரு செல்ஃபி எடுத்துட்டு, "சார், அந்த ஆக்டிவேட் எழுத்தை மட்டும் எடுத்து விடுங்க"ன்னு கேட்டிருப்பே.

ஐயாவுக்கு அந்தப் புத்தி எங்கே இருந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு. அவுக அப்பா ஜைனுலாப்தீன், யாத்திரைக்காரங்களை ராமேஸ்வரத்துல இருந்து இங்க தனுஷ்கோடிக்கு ஏத்திக்கிட்டு வர, கடக்கரையிலேயே மரப்படகு கட்டுனாக. அது உருவாகுறதைச் சின்னப் பிள்ளையில நின்னு பார்த்ததை ஐயா அக்னிச் சிறகுகள்ல எழுதியிருக்காக. பலகை பலகையா கண்ணுக்கு முன்னால சேருறதைப் பார்த்த பிள்ளை, வளர்ந்த பிறகு ஒருத்தன் மூடின பெட்டியைக் காட்டி "உள்ளே எல்லாம் சரியா இருக்கு, நம்புங்க"ன்னா நம்புமா? அந்தப் படகு ஒரு புயல்ல போச்சு. திறந்து கட்டினா புயல் விட்டுருமான்னா, விடாது. ஆனா படகு எப்படிக் கட்டுறதுங்கிறது புயலோட போகலை.

உடனே நீ லினக்ஸ்காரனா மாறி, பார்க்கிறவனையெல்லாம் மதம் மாத்தக் கிளம்பிராதே. அந்த ஆளுகளையும் நான் பார்த்திருக்கேன். பிரிண்டர் ஓடலையேன்னு கேட்டா கருப்புத் திரையைத் திறந்து நாலு வரி அடிக்கச் சொல்லுவான். அடிச்சும் ஓடலேன்னா, பிரிண்டரே எதுக்கு, காகிதத்தை மிச்சம் பண்ணுன்னு சுற்றுச்சூழல் பேசுவான். திறந்து கிடக்கிறதுனாலேயே ஓட்டை இல்லேன்னும் சொல்லுவான், அதை நம்பாதே. 2024 மார்ச்சுல என்ன ஆச்சு? எக்ஸ்இசட்னு ஒரு சின்னக் கருவி, கோப்பைச் சுருக்கி வைக்கிறது. லினக்ஸ் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும். அதைப் பராமரிச்சவர் ஒத்தை ஆளு, சம்பளம் கிடையாது. உதவி பண்றேன்னு ஒருத்தன் வந்து ரெண்டு வருசத்துக்கு மேல நல்லபிள்ளையா வேலை பார்த்து, நம்பிக்கை வாங்கி, கடைசியில கள்ளக்கதவு ஒண்ணை உள்ளே வச்சுட்டான். கண்டுபிடிச்சது ஆண்ட்ரஸ் பிராயிண்டுங்கிறவர். தூரத்துக் கணினிக்குள்ள நுழையறப்ப அரை வினாடி கூடுதலாகுதேன்னு சந்தேகப்பட்டு, மூலநிரல் திறந்து கிடந்ததால துருவிப் பிடிச்சுட்டார். அவர் சம்பளம் வாங்குற இடம் எது தெரியுமா? மைக்ரோசாப்ட். சிரிக்காதே, கடல்ல அப்படித்தான். நம்ம வலை அறுந்திருக்கிறதை எதிர்ப்படகுக்காரன்தான் கூவிச் சொல்லுவான்.

அந்த ஒத்தை ஆளை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. நீ இப்போ தண்ணி குடிச்சியே, அந்த ஊத்துல ராத்திரிக் காத்துக்கு மணல் சரிஞ்சு மூடிரும். விடியக்காலையில யாராவது ஒருத்தன் வாரி எடுக்கணும். இன்னைக்கு எடுத்தது நான். நீ கேட்டியா?

சரி, பேத்தி பெட்டிக்கு வருவோம். பிளஸ் டூ படிக்கிறப்ப அரசாங்கம் குடுத்த விலையில்லா மடிக்கணினி. தொறந்ததும் ரெண்டு கதவு காட்டும். ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ், நம்ம சென்னை சி-டாக்காரங்க செஞ்ச லினக்ஸ். நம்ம ஊர்ப் பிள்ளைக வாங்கின மறுநாளே கடைக்கு ஓடி, ரெண்டாவது கதவை இடிச்சுட்டு சினிமா ஏத்திக்கிட்டு வந்துச்சுக. இவ மட்டும் இடிக்கலை. சோம்பேறித்தனம்தான், வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் விண்டோஸ் பக்கம் வைரஸ் புகுந்து படுத்த அன்னைக்கு, இந்தக் கதவு வழியா உள்ளே போய்த் தன் பாடக்குறிப்பெல்லாம் எடுத்துக்கிட்டா. அன்னையில இருந்து அவளுக்கு அதுல பிடிப்பு. கேரளத்துல பள்ளிக்கூடக் கணினி எல்லாத்துலயும் லினக்ஸைப் போட்டுப் பிள்ளைகளை அதுலயே வளர்த்துட்டாங்க. நம்ம அரசாங்க எல்காட் நிறுவனத்துல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தப்ப ஆபீசு கணினிகளை சூசே லினக்சுக்கு மாத்திக் காட்டினார். நம்ம பதினொண்ணாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்துல உபுண்டு இருக்கு, ஓப்பன் ஆபீஸ் இருக்கு. உன் மக படிச்சுட்டு வந்து சொன்னா, நீ கடைக்காரனைக் கேக்கப் போறே.

லினக்ஸ்னா பயமா இருக்குங்கிறியே, உன் சட்டைப் பையில என்ன? ஆண்ட்ராய்டு. அதுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கருதான், 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற பின்லாந்துப் பையன் படிக்கிறப்ப தொடங்கினது. இத்தனை வருசமா அதைத் தடவிக்கிட்டே இருந்துட்டு, இப்போ வீட்டுக்குள்ள வரட்டுமான்னு பயப்படுறே. அந்தப் போனை முதல்ல பாரு, அரிச்சல்முனைப் பக்கம் நடந்துட்டு வந்தியே, சிலோன் டவரைப் பிடிச்சிருக்கும். ரோமிங் காசு போயிரும், அணைச்சு வை.

இப்போ நேரா வர்றேன். வடக்கே இருக்கிறது பெண்கடல், தெக்கே இருக்கிறது ஆண்கடல். வாடை அடிக்கிற மாசத்துல பெண்கடல் பேயாடும், வத்தையைத் தூக்கிக்கிட்டுத் தெக்கே போவோம். கச்சான் வந்தா ஆண்கடல் நம்மளை அண்ட விடாது, வடக்கே வந்துருவோம். நடுவுல கொஞ்சம் மணல்தான். எந்தக் கடல் நல்லதுன்னு எங்க அப்பனும் கேக்கலை, நானும் கேக்கலை. காத்தைக் கேட்போம்.

உன் வீட்டுக்காத்து என்ன? மக பைத்தான் படிக்குது. லினக்ஸ்ல ராஜாவாட்டம் ஓடும். நீ படம் பார்க்கிறே, பேங்கு பார்க்கிறே, மகஜர் அடிக்கிறே. பயர்பாக்ஸ், விஎல்சி, லிப்ரெஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை, எல்லாம் சும்மாவே இருக்கு. மிச்சம் இருக்கிறது உன் பொஞ்சாதி ஐஸ் கம்பெனிக்கு வீட்டுல இருந்து போடுற டேலி கணக்கு. டேலி விண்டோஸுக்குன்னு செஞ்சது. லினக்ஸ்ல வலுக்கட்டாயமா ஓட்டி, ஜிஎஸ்டி கட்டுற கடைசி நாள்ல அது நின்னுச்சுன்னா, அன்னைக்கு ராத்திரி உனக்குச் சோறு கிடையாது. ஆனா ஒண்ணு கேளு. அது ஐஸ் கம்பெனி கணக்கு. அதுக்கு நீ ஏன் விண்டோஸ் தேடி அலையறே? உரிமத்தோட ஒரு பெட்டியை முதலாளியைக் குடுக்கச் சொல்லு. இதை நீ சொல்லாதே, உனக்கு வாய் வராது. அவளைச் சொல்லச் சொல்லு.

புது வத்தையைக் கட்டினதும் நடுக்கடலுக்கா கொண்டு போறோம்? கரையோரம் வெள்ளோட்டம் விடுறோம்ல. இதுக்கும் உண்டு. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்தே பெட்டியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கிற எதையும் தொடாது. வைஃபை வருதா, பிரிண்டர் பேசுதா, தமிழ் அடிக்குதா, சத்தம் கேக்குதா, நாலு நாள் போட்டுப் பாரு. பிடிக்கலேன்னா உருவிப் பையில போட்டுக்க. பிடிச்சா ரெண்டு கதவு வச்சுக்கலாம், பேத்தி பெட்டி மாதிரி.

அதுக்கு முன்னாடி ஒரு காரியம். உன் கல்யாணப் படம், பத்திரம், மக சர்டிபிகேட்டு எல்லாத்துக்கும் நகல் எடுத்து வேற வீட்டுல வை. அதே வீட்டு பீரோவுல இல்ல, வேற வீட்டுல. 1964 டிசம்பர் 22 ராத்திரி இந்த ஊர் போனப்ப எங்க வீட்டுப் பத்திரமும் போச்சு, எங்க அப்பன் ஆத்தா கல்யாணத்துக்கு எடுத்த ஒத்தைப் படமும் போச்சு. ரெண்டும் ஒரே தகரப் பெட்டியில இருந்துச்சு. பெட்டிக்கு நல்ல பூட்டு போட்டிருந்தோம்.

பேத்தி சனிக்கிழமை வர்றா. 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு கொண்டு வந்து குடுத்தா ஏத்தி வைப்பா. அவளுக்குக் கூலி வேண்டாம்பா, எனக்கு நல்ல புகையிலையா ரெண்டு கட்டு வாங்கிட்டு வா. இப்போ போறப்ப அந்த வாளியை எடுத்து ஊத்துல இருந்து கொஞ்சம் மணலை வாரி வெளிய போட்டுட்டுப் போ, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.